பயிற்சியாசிரியரும் பாட ஆயத்தமும்: கொழும்புத் தமிழ்மொழிமூல வகுப்பறைகளை முன்னிறுத்திய ஒரு நோக்கு

கற்பித்தற் பயிற்சிக்காகப் பாடசாலைக்கு வரும் ஓர் ஆசிரிய மாணவர் வகுப்பில் நிற்கும் நாற்பது நிமிடங்களைப் பற்றி எமது ஆசிரியக் கல்வி வட்டாரங்களில் நிறையவே பேசப்படுகின்றது. குரல் போதியதா, கரும்பலகையிற் கையெழுத்து ஒழுங்கானதா, வினாவும் முறை செம்மையானதா என்றெல்லாம் மதிப்பீட்டுத் தாளில் நிரல்கள் உள. அந்நாற்பது நிமிடங்களுக்கு முந்திய மாலைப்பொழுதில் அவர் எதனைத் தேடினார், தேடியவற்றுள் எதனைத் தள்ளினார், எவரைக் கேட்டார் என்பன பற்றிய பேச்சு அரிது. பாடத்தின் பெரும்பகுதி அம்மாலைப்பொழுதிலேயே தீர்மானமாகிவிடுகின்றது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. ஆகவே வழிகாட்டி ஆசிரியரின் பணியும் ஆங்கேயே தொடங்குதல் வேண்டும். பாடம் முடிந்தபின் சிவப்பு மையினாற் குறை எழுதுதல் எளிது. பாடத்துக்கு முன் உடனிருந்து சிந்தித்தல் கடினம். இக்கடினமான பணியினை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய கொழும்பின் இரு தமிழ்ச் சூழல்களைப் பின்னணியாகக் கொண்டு நோக்குவதே இங்கு எமது முயற்சி.

இலங்கையில் ஆசிரியப் பயிற்சி நீண்ட வரலாறு உடையது. கொழும்பில் 1870இல் ஆசிரியர்களுக்கான நோர்மல் பாடசாலை தோன்றியது. 1903இல் அரசினர் ஆசிரிய பயிற்சிக் கல்லூரி நிறுவப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடம் 1978இல் அமைந்தது. 1985இல் கல்வியியற் கல்லூரிகள் தொடங்கப்பெற்று, 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தினால் ஒழுங்குபடுத்தப்பட்டன. இக்கல்லூரிகளிற் பயில்வோர் இரண்டாண்டுகள் கல்லூரியில் வதிந்து கற்றபின், மூன்றாம் ஆண்டினைப் பாடசாலையொன்றிற் கட்டுறுபயிலுனராகக் கழிப்பர். பட்டதாரிகளோ பல்கலைக்கழகக் கல்விப் பீடங்களிலும் திறந்த பல்கலைக்கழகத்திலும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தொடர்ந்து, அதன் ஓர் உறுப்பாகக் கற்பித்தற் பயிற்சியினை மேற்கொள்வர். வழிகள் வேறாயினும் இவர்கள் அனைவரும் ஒரு கட்டத்தில், பாடக்குறிப்புப் பதிவேடு ஒன்றைக் கையிலேந்தி, அனுபவமிக்க ஆசிரியர் ஒருவர் முன் வந்து நிற்கின்றனர். அவ்வனுபவ ஆசிரியரையே இங்கு வழிகாட்டி ஆசிரியர் எனக் குறிப்பிடுகின்றோம்.

கொழும்பில் இவ்விருவரின் சந்திப்புக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பயிற்சியாசிரியர் பலவேளைகளில் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மலையகத்திலோ பிறந்து வளர்ந்தவர். தலைநகரில் வாடகை அறையொன்றில் தங்கிக் கடமைக்கு வருபவர். அவர் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளும் ஒரு தன்மையினர் அல்லர். வெள்ளவத்தையில், 1983ஆம் ஆண்டின் வன்செயல்களுக்கு முன்பே வேரூன்றிய குடும்பங்களின் பிள்ளைகளும், பின்னர்ப் போர்க்காலத்தில் வடகிழக்கிலிருந்து வந்து தொடர்மாடிகளிற் குடியேறியோரின் பிள்ளைகளும், அவர்தம் பேரப்பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்கின்றனர். கொட்டாஞ்சேனையிலோ துறைமுகத் தொழிலாளர், செட்டியார் தெரு நகைத் தொழிலாளர், சிறு வணிகர், மலையகத்திலிருந்து தொழில் தேடி வந்தோர் ஆகியோரின் பிள்ளைகள் கலந்திருப்பர். இந்து, கத்தோலிக்கர், முஸ்லிம் என்ற வேறுபாடும் அவ்வகுப்பறையில் இயல்பானதே. வீட்டில் ஒரு தமிழ், வீதியிற் சிங்களம், தனியார் வகுப்பில் ஆங்கிலங் கலந்த தமிழ், பாடநூலில் வேறொரு தமிழ் என நான்கு மொழிநிலைகளுக்கிடையே அப்பிள்ளை நாள்தோறும் நடக்கின்றது.

இதன் விளைவினை ஒரு சிறு எடுத்துக்காட்டால் உணரலாம். மழை பற்றிய புவியியற் பாடத்தைத் தயாரிக்கும் வடபகுதிப் பயிற்சியாசிரியரின் உள்ளத்தில், மாரி என்றதும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களே எழும். அது அவர் பிறந்த மண்ணின் உண்மை. வடகீழ்ப் பருவக்காற்றும் அதன் முன்னோடிக் காலமுமே யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையிற் பெரும்பகுதியைத் தருகின்றன. கொழும்புப் பிள்ளைக்கோ மே மாதத்தில் வீதிகள் வெள்ளத்தில் மூழ்குவதும் ஒக்டோபரில் மீண்டும் மூழ்குவதும் பழக்கமான காட்சிகள். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் நகரம் அது. “மாரிகாலம் எப்போது?” என்னும் வினாவுக்கு அப்பிள்ளை “மே மாதம்” என விடையிறுப்பின், அது பிழையா? பாடக்குறிப்பில் எதிர்பார்க்கப்படும் விடையாக “ஒக்டோபர் முதல் ஜனவரி வரை” என எழுதிவைத்தவர் அதனைப் பிழையென்றே கொள்வார். பிழை பிள்ளையுடையதன்று, ஆயத்தத்தினுடையது. இதனை வகுப்பின் பின்வரிசையில் இருந்து குறித்துக்கொள்ளும் வழிகாட்டியைக் காட்டிலும், முதல்நாளே அக்குறிப்பைப் படித்து, “இந்தப் பிள்ளைகள் எந்த மழையைக் கண்டவர்கள்?” என்று ஒரு வினாவை எழுப்பும் வழிகாட்டியே வேண்டப்படுபவர்.

பாடக்குறிப்பு என்னும் மரபைப் பற்றியும் ஈண்டு ஒருசிறிது கூறல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மனிய அறிஞர் ஹேர்பாட்டின் வழிவந்தோர் பாடத்தை ஆயத்தம், எடுத்துரைப்பு, ஒப்புநோக்கு, பொதுமையாக்கம், பிரயோகம் என ஐந்து படிகளாக வகுத்தனர். அவ்வைந்து படிகளும் ஆங்கிலேய ஆசிரிய கலாசாலைகளினூடாக எம்மை வந்தடைந்தன. 2007ஆம் ஆண்டில் 6ஆம், 10ஆம் தரங்களில் தொடங்கிய தேர்ச்சிமையக் கலைத்திட்டம் வேறு ஐந்து படிகளை முன்வைத்தது: ஈடுபடல், கண்டறிதல், விளக்கமளித்தல், விரிவாக்கல், மதிப்பிடல். கட்டங்களின் தலைப்புகள் மாறின. ஆனால் முந்திய ஆண்டுப் பயிற்சியாசிரியரின் பதிவேட்டை இரவல் பெற்று, தேதியை மட்டும் மாற்றிப் பிரதிசெய்யும் வழக்கம் மாறவில்லை. இவ்வழக்கத்துக்குப் பயிற்சியாசிரியரை மட்டும் குறைகூறுதல் நீதியன்று. கட்டங்கள் நிரம்பியுள்ளனவா என்று மட்டும் பார்த்துக் கையொப்பமிடும் மேற்பார்வை, கட்டங்களை நிரப்பும் கலையையே வளர்க்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் கொழும்புப் பாடசாலையொன்றில் இக்கட்டுரையாளர் கண்ட ஒரு பாடம் இன்றும் நினைவிலுள்ளது. விஞ்ஞானம் கற்பிக்க வந்த பயிற்சியாசிரியை மிகுந்த ஆர்வம் உடையவர். முதல்நாள் இரவு நெடுநேரம் விழித்திருந்து டிமைத் தாளில் அழகிய விளக்கப்படம் ஒன்றைத் தீட்டி வந்திருந்தார். அதில், “நிறையின் அலகு கிலோகிராம்” எனப் பெரிய எழுத்துக்களிற் பொறிக்கப்பட்டிருந்தது. பாடம் தடையின்றி நடந்தது. பிள்ளைகள் பார்த்தெழுதினர். இறுதியில் ஒரு சிறுமி எழுந்து, “மிஸ், புத்தகத்தில் நியூற்றன் என்று இருக்கிறதே?” என்று கேட்டாள். பயிற்சியாசிரியையின் முகம் வாடிற்று. “அச்சுப் பிழையாக இருக்கும்” என்று சொல்லி அமர்த்திவிட்டார். அச்சுப்பிழை எதுவும் அப்பாடநூலில் இருக்கவில்லை. அன்று அவருக்கு வழிகாட்டியாக இருந்தவன், அப்படத்தை முன்கூட்டிப் பார்த்தும் அதன் எழுத்தழகைப் பாராட்டியதோடு நின்றுவிட்ட இக்கட்டுரையாளனே.

நிகழ்ந்தது யாதெனின், அவர் காலி வீதிப் புத்தகக் கடையில் வாங்கிய தமிழ்நாட்டு நூலொன்றிலிருந்து அவ்வரியை எடுத்திருந்தார். அந்நூலும் பிழையானதன்று. தமிழ்நாட்டுக் கலைச்சொல் மரபில் ஒரு பொருளிலடங்கிய சடப்பொருளின் அளவு ‘நிறை’ எனப்படும். அப்பொருளைப் புவி ஈர்க்கும் விசை ‘எடை’ எனப்படும். இலங்கைக் கலைச்சொல் மரபிலோ முன்னையது ‘திணிவு’, பின்னையதே ‘நிறை’. எனவே தமிழ்நாட்டில் நிறையின் அலகு கிலோகிராமாகவும் இலங்கையில் நிறையின் அலகு நியூற்றனாகவும் அமைகின்றன. ஒரே சொல், ஒரே மொழி, இரு வேறு எண்ணக்கருக்கள். சந்தையில் மீன் வாங்கும் தாய் “நிறை எவ்வளவு?” என்று கேட்க, வியாபாரி “ஒன்றரைக் கிலோ” என்று மறுமொழி கூறுகின்றார், ஆதலின் பேச்சுவழக்கும் அப்பயிற்சியாசிரியையின் பக்கமே சாய்ந்து நின்றது. அச்சிறுமி மட்டும் பாடநூலைக் கவனமாகப் படித்திருந்தாள். கவனமாகப் படித்ததற்காக அவள் வாயடைக்கப்பட்டாள்.

இது தனியொரு சொல்லின் சிக்கலன்று. தமிழ்நாட்டில் ‘வேகம்’ என்பது திசை கருதாத கணியம். திசையுங் கூடியது ‘திசைவேகம்’. இலங்கையில் திசை கருதாதது ‘கதி’, திசையுடையதே ‘வேகம்’. இங்கும் ஒரே சொல் இரு வேறு பொருளில் நிற்கின்றது. இத்தகைய சொற்களே ஆபத்தானவை. பௌதிகவியல்–இயற்பியல், இரசாயனவியல்–வேதியியல், கலம்–செல், ஒட்சிசன்–ஆக்சிஜன், அமுக்கம்–அழுத்தம், நுணுக்குக்காட்டி–நுண்ணோக்கி போன்ற இணைகள் தோற்றத்திலேயே வேறுபடுவதால், அவற்றைக் கண்டதும் ஆசிரியர் விழிப்படைவார். ‘காபனீரொட்சைட்டு’ என எழுதப் பழகிய கை ‘கார்பன் டை ஆக்சைடு’ எனக் கண்டவுடன் தயங்கும். ‘நிறை’யும் ‘வேக’மும் தயக்கத்துக்கு இடந்தருவதில்லை, நண்பர் வேடத்தில் உள்ளே நுழைந்துவிடுகின்றன.

கொழும்பில் வளந்திரட்டும் பயிற்சியாசிரியருக்கு இச்சிக்கல் ஏனைய மாவட்டத்தாரைக் காட்டிலும் கூர்மையானது எனலாம். வெள்ளவத்தைக் கடைகளில் இந்தியப் பதிப்புகள் எளிதிற் கிடைக்கின்றன. அண்மைக் காலமாக இணையத்திற் பரவிக் கிடக்கும் தமிழ் விளக்கப் படங்களிலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைத் தழுவியவை ஏராளம். அவை காட்சி நேர்த்தியில் எம்மவர் ஆக்கங்களை விஞ்சி நிற்கின்றன. அவற்றை விலக்குமாறு கூறுதல் அறியாமை. இலங்கைத் தமிழாசிரியன் தமிழ்நாட்டு நூலைப் பயன்படுத்தாத காலம் என ஒன்று இருந்ததில்லை. ஆயின், திரட்டிய ஒவ்வொன்றையும் கல்வி வெளியீட்டுத் திணைக்களப் பாடநூலோடும், தேசிய கல்வி நிறுவக ஆசிரியர் வழிகாட்டியோடும், பழைய அரசகரும மொழித் திணைக்களக் கலைச்சொல் தொகுதிகளோடும் ஒப்புநோக்கிய பின்னரே வகுப்புக்குக் கொண்டுசெல்லும் பழக்கம் ஊட்டப்படல் வேண்டும். 1980 முதல் இலவசமாக வழங்கப்படும் பாடநூல் ஒன்றே பிள்ளையின் கையில் உறுதியாக இருக்கும் நூல். ஏனைய வளங்கள் யாவும் அதனோடு உரையாட வேண்டியவை. இவ்வொப்புநோக்கைப் பயிற்சியாசிரியர் தனியே செய்யமாட்டார். செய்யவேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் வழிகாட்டி ஆசிரியர். இருபதாண்டுக் காலம் விடைத்தாள் திருத்திய கண்ணுக்கு, ‘நிறை – கிலோகிராம்’ என்னும் வரி முட்போலத் தைக்கும், தைத்திருக்க வேண்டும்.

அப்பாடத்தை மீண்டும் ஒருமுறை அமைப்பதாயின் எங்ஙனம் அமைக்கலாம்? கொட்டாஞ்சேனைப் பாடசாலையொன்றிலிருந்து சிறிது தூரம் நடந்தால் செட்டியார் தெரு. அங்கு நகைக்கடைத் தராசில் ஒரு பவுண் என்பது 8 கிராம். அதன்கீழ் மில்லிகிராம் வரை கணக்கிடப்படுகின்றது. வகுப்பிலுள்ள பிள்ளையொன்றின் தந்தையோ மாமனோ அத்தொழிலில் இருத்தல் கூடும். இரு தட்டுத் தராசு ஒரு பொருளை மற்றொரு பொருளோடு ஒப்பிடுகின்றது; ஆதலின் எங்கு கொண்டுசென்றாலும் அது காட்டும் அளவு மாறாது. மீன் விற்பவரிடம் தொங்கும் விற்றராசோ இழுவிசையினால் நீளும் வில்லைக் கொண்டது. அது அளப்பது நிறையை. அதன் முகத்தில் எழுதியிருப்பதோ கிலோகிராமை. இம்முரண்பாட்டைப் பிள்ளைகளே கண்டு வினவுமாறு செய்துவிட்டால், ஒரு கிலோகிராம் திணிவுடைய பொருளின் நிறை புவியில் அண்ணளவாக 10 நியூற்றன் என்னுங் கூற்று மனனஞ்செய்ய வேண்டிய வாய்பாடாக இராது. பிறிஸ்டல் மட்டையும் வர்ணப் பேனையும் இங்கு தேவைப்படவில்லை. ஒரு மாலை நடையும், இரு தராசுகளும், ஒரு நல்ல வினாவுமே தேவைப்பட்டன. பயிற்சியாசிரியர் தனது சொற்பப் படியினைப் படத்தாளுக்கும் போட்டோப் பிரதிக்கும் செலவிடும் அவலத்தையும் இது ஓரளவு குறைக்கும்.

சூழலை வளமாகக் கொள்ளல் என்பது புதுமையான கருத்தன்று. சென்னை எழும்பூரில் படைவீரரின் அநாதைச் சிறுவர்க்கான விடுதிப் பாடசாலையை 1789இல் ஏற்று நடத்திய அந்திரூ பெல் என்னும் மதகுரு, உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தம் பாடசாலையிற் புகுத்த முயன்றார். அவர்கீழிருந்த உதவி ஆசிரியர்கள் அம்முறையை ஏற்கவில்லை. எனவே, அவர் கீழ்வகுப்பை மாணவன் ஒருவனிடமே ஒப்படைத்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியாக ‘மதராஸ் முறை’ எனப் பெயர்பெற்றுப் பரவிய சட்டாம்பிள்ளை முறையின் கதை இது. மணல் காலடியிற் கிடந்தது. அதனைக் கருவியாகக் காண மறுத்தவர்கள் ஆசிரியர்களே என்பதே இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது. எம்மிடையே ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, வேண்டிய பாடநூல்கள் இல்லாமை கண்டு, அச்சியந்திரம் நிறுவிப் பாலபாடங்களைத் தாமே எழுதி அச்சிட்டார். கிடைப்பதைத் தேடல், கிடையாததை ஆக்கல் ஆகிய இரண்டும் ஆசிரியத் தொழிலின் உள்ளடக்கம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வெள்ளவத்தை என்னும் பெயரிலேயே அம்மணல் இருப்பதையும் இங்கு சுட்டலாம். சிங்களத்தில் ‘வெல்ல’ என்பது கடற்கரை மணலையும் ‘வத்த’ என்பது தோட்டத்தையும் குறிப்பன. தமிழில் அது ளகரம் பெற்று ‘வெள்ள’வத்தையாயிற்று, பெருமழைக் காலங்களில் அப்பெயரை நீர்வெள்ளத்தோடு தொடர்புபடுத்திப் பொருள்கொள்ளும் பிள்ளைகளும் உளர். சொற்கள் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லுகையில் ஒலி திரிவதும், திரிந்த ஒலிக்கு மக்கள் புதுப்பொருள் காண்பதுமாகிய மொழியியல் உண்மையை விளக்க இதனிலும் அண்மையான சான்று வெள்ளவத்தைப் பிள்ளைக்குக் கிடையாது. கொட்டாஞ்சேனையின் ஈற்றிலுள்ள ‘சேனை’, சிங்கள ‘ஹேன’வுக்கு நேரானது; காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் நிலம் என்பது அதன் பொருள். ‘சேனைப் பயிர்ச்செய்கை’ எனச் சமூகக்கல்வி நூலில் வரும் பகுதியைக் கப்பல்களின் ஒலியும் பாரவூர்திகளின் இரைச்சலும் சூழ்ந்த நகர்ப்புறப் பிள்ளைக்கு எப்படிக் கற்பிப்பது என மலைக்கும் பயிற்சியாசிரியர் பலர். அப்பிள்ளை தன் முகவரியை எழுதும்போதெல்லாம் அச்சொல்லை எழுதுகின்றது. பாடத்தின் நுழைவாயில் அம்முகவரியே.

பிற பாடங்களுக்கும் இவ்வாறே. வுல்வெண்டால் ஒல்லாந்தர் தேவாலயம் 1749இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. அதன் தரையிற் பதிந்துள்ள கல்லறைக் கற்கள் வரலாற்றுப் பாடத்துக்கு மூலாதாரங்கள். கொச்சிக்கடையில் சேர். பொன். இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கருங்கல்லாற் புதுக்கிக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் ஆலயம், திராவிடக் கட்டடக் கலையை நூற்படத்தின்றி நேரிற் காட்டும். கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டது. தென்மேற் பருவக்காற்றின் சீற்றத்தினின்று கப்பல்களைக் காக்க எழுந்த அச்சுவர், காலித் துறையின் முதன்மையை முடிவுறச் செய்தது. சுவர் ஏன் அத்திசையிற் கட்டப்பட்டது என்ற ஒரே வினாவில் பருவக்காற்றும் வணிக வரலாறும் ஒருங்கே அடங்கும். வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் தமிழ்ப் பாடத்துக்கான பெருங்கருவூலம். இணையத்திலோ ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய இதழ்களும் பாடசாலை மலர்களும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. தமிழ்ச் சங்கத்துக்கு அண்மையில் வாடகை அறையில் வசித்தும் அதன் படியேறாத பயிற்சியாசிரியரை இக்கட்டுரையாளர் அறிவார். அவரை அங்கு அழைத்துச் செல்வார் எவருமிலர்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 1972ஆம் ஆண்டின் கலைத்திட்ட மாற்றம் தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தி, அந்தந்த ஊர்த் தொழில்களையே வகுப்பறைக்குக் கொண்டுவர எண்ணிற்று. நோக்கம் உயர்ந்தது, ஆட்சிமாற்றத்தின்பின் அம்முயற்சி கைவிடப்பட்டது. அரசியற் காரணங்கள் ஒருபுறமிருக்க, ஊரிலிருந்து பாடத்தை எடுப்பது எங்ஙனம் என்பதை ஆசிரியருக்கு உடனிருந்து பழக்குவோர் போதாமையும் அதன் நலிவுக்கு ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. மேலும், சூழலைப் பயன்படுத்தல் என்ற பெயரிற் பிள்ளையின் வறுமையையோ தந்தையின் தொழிலையோ வகுப்பின்முன் காட்சிப்பொருளாக்கல் கொடிது. “உன் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்தானே, சொல்” என்று தொடங்கும் ஆசிரியர் வளத்தைத் திரட்டவில்லை. ஒரு பிள்ளையை இழந்துவிட்டார். எதனைக் கேட்கலாம், எதனைக் கேட்கலாகாது என்பதை அவ்வகுப்பின் குடும்பங்களை அறிந்த மூத்த ஆசிரியரே சொல்லித்தர முடியும். எந்த நூலிலும் அது எழுதப்பட்டிருப்பதில்லை.

இனி, வழிகாட்டலின் உள்ளியல்பு பற்றி. அமெரிக்க அறிஞர் லீ சுல்மன் 1986இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பாட அறிவு வேறு, பொதுவான கற்பித்தல் அறிவு வேறு. குறித்த பாடப்பொருளைக் குறித்த மாணவர்க்கு விளங்கவைக்கும் அறிவு மூன்றாவதொன்று. பட்டதாரிப் பயிற்சியாசிரியரிடம் முதலாவது உண்டு. இரண்டாவதை விரிவுரை மண்டபத்திற் பெற்றுக்கொள்கின்றார். மூன்றாவது பாடசாலையிலன்றி வேறெங்கும் விளைவதில்லை. புரூனரும் அவர்தம் சகாக்களும் 1976இல் கட்டடச் சாரத்தை உவமையாக்கினர். சாரம் கட்டடத்தின் உறுப்பன்று. ஆயினும் அஃதின்றிக் கட்டடம் எழாது. எழுந்தபின் அது கழற்றப்படும். வெள்ளவத்தையிற் புதிது புதிதாக எழும் தொடர்மாடிகளைக் காண்போர்க்கு இவ்வுவமைக்கு விரிவுரை தேவையில்லை. முதல் வாரத்தில் வழிகாட்டியும் பயிற்சியாசிரியரும் ஒரு பாடத்தைச் சேர்ந்தே தயாரிக்கலாம். அடுத்த வாரத்திற் பயிற்சியாசிரியர் தயாரித்ததை வழிகாட்டி வினாவலாம். பின்னர் வினாக்களையும் பயிற்சியாசிரியரே தமக்குள் எழுப்பிக்கொள்ளல் வேண்டும். சிலர் முதல் வாரத்திலேயே சாரத்தைக் கழற்றிவிடுகின்றனர், “நீங்கள் பட்டதாரி, உங்களுக்குத் தெரியாததா?” என்று கூறுவது மரியாதைபோலத் தோன்றினும் அது கைவிடலேயாம். வேறு சிலர் இறுதிநாள் வரை கழற்றுவதில்லை. தமது பழைய குறிப்பையே படியெடுக்கச் செய்து, தம்மைப் போன்ற மற்றொருவரை உருவாக்குகின்றனர்.

வழிகாட்டி வினாவும் வினா எத்தகையது என்பதே முதன்மையானது. “குறிக்கோளை எழுதினீர்களா?” என்பதற்கு ஆம், இல்லை என்ற விடையே உண்டு. “இந்த இடத்தில் எந்தப் பிள்ளை இடறும்? இடறினால் என்ன சொல்வீர்கள்?” என்று வினவும்போதுதான் பயிற்சியாசிரியர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி வகுப்பை நினைக்கத் தொடங்குகின்றார். யப்பானிய ஆரம்பப் பாடசாலைகளில் ஆசிரியர் பலர் கூடி ஒரே பாடத்தை வாரக்கணக்கிலே திட்டமிட்டு, அவர்களுள் ஒருவர் கற்பிக்க ஏனையோர் அவதானித்து, மீண்டும் கூடித் திருத்தும் பாட ஆய்வு என்னும் மரபு உண்டு. பிள்ளைகள் கூறக்கூடிய விடைகளை, பிழையான விடைகளையுஞ் சேர்த்து, முன்கூட்டியே எழுதிவைப்பது அவர்தம் திட்டத்தின் இன்றியமையாத பகுதி. அங்கு குறைகாணப்படுவது பாடமேயன்றி ஆசிரியரல்லர். பாடம் அனைவருக்கும் பொதுவான உடைமை. எமது பதிவேட்டில் “எதிர்பார்க்கப்படும் மாணவர் விடை” என்றொரு நிரல் இருப்பினும், அங்கு சரியான விடையை மட்டுமே எழுதுகின்றோம். அந்நிரலில் இரண்டு பிழையான விடைகளும் எழுதப்பட்டிருந்தால், ‘நியூற்றன்’ என்று கேட்ட சிறுமிக்கு வேறு மறுமொழி கிடைத்திருக்கும்.

இவையனைத்துக்கும் நேரம் எங்கே என்ற வினா எழுவது நியாயமே. வழிகாட்டி ஆசிரியரின் நேரசூசியில் இப்பணிக்கென ஒதுக்கிய பாடவேளை பெரும்பாலும் இல்லை. அவருக்குரிய ஓய்வுப் பாடவேளையும், வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்க்கும் பதிற்கடமையில் மறைந்துவிடுகின்றது. இதற்கும் மேலாக, பயிற்சியாசிரியர் வந்தவுடன் தமது வகுப்புகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஆறுதலடையும் பாடசாலைகளும் இல்லாமலில்லை; ஆசிரியர் பற்றாக்குறையின் விளைவு அது. வழிகாட்டலை ஓய்வுநேரக் கருணையாகக் கருதாது, வாரத்துக்கு இரு பாடவேளைகளேனும் நேரசூசியிலேயே குறித்தல் அதிபரால் இயலும் காரியம். புள்ளியிடுபவரும் வழிகாட்டுபவரும் ஒருவராகவே இருத்தல் மற்றொரு தடை. தமக்குப் புள்ளியிடுபவரிடம் “எனக்கு இது விளங்கவில்லை” என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு? ‘நிறை’ பற்றிய ஐயம் முதல்நாள் மாலையே அப்பயிற்சியாசிரியையின் உள்ளத்தில் இருந்ததைப் பின்னரே அறிய நேர்ந்தது. பாடநூலையும் அவர் பார்த்திருந்தார். கேட்டால் ஒன்றும் தெரியாதவர் என எண்ணிவிடுவார்களோ என்ற அச்சத்தினால் அவர் கேட்கவில்லை.

இறுதியாக, திரட்டிய வளங்களின் கதி. பயிற்சிக் காலம் முடிந்ததும் படங்களும் மாதிரியுருக்களும் பயிற்சியாசிரியரின் அறைக்கோ குப்பைக்கூடைக்கோ செல்கின்றன. அடுத்த ஆண்டு வருபவர் வெறுங்கையோடு தொடங்குகின்றார். ஒரு பாட அலகுக்கு ஓர் அட்டைப்பெட்டி என வைத்து, பயன்பட்டதையும் பயன்படாததையும் அதிலேயே விட்டுச்செல்லுமாறு செய்தல் செலவற்ற ஏற்பாடு. பெட்டியினுள் ஒவ்வொரு பொருளோடும் ஒரு துண்டுத்தாள் இருத்தல் வேண்டும்: எங்கிருந்து பெற்றது, எந்தத் தரத்திற் பயன்படுத்தியது, எங்கே பிள்ளைகள் இடறினர் என்பன அதில் எழுதப்படல் வேண்டும். “நிறையின் அலகு கிலோகிராம்” என்ற அப்படத்தைப் பயிற்சியாசிரியை கிழித்தெறிய முற்பட்டபோது, தாமதமாகவேனும் அதனைக் கேட்டுப் பெற்றுக்கொண்டேன். அதன் பின்புறத்தில் அவரே தம் கையெழுத்தில், தமிழ்நாட்டு ‘நிறை’ எமது ‘திணிவு’ எனக் குறித்துத் தந்தார். அப்பாடசாலைக்கு அதன்பின் வந்த விஞ்ஞானப் பயிற்சியாசிரியர்கள் எவருக்கும் முதலிற் காட்டப்பட்டது அப்படமே.